போச்சம்பள்ளி மாந்தோப்பு வீடு: நாயோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, மாந்தோப்புக்கு நடுவே தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. நாங்கள் சாலையோரமாகப் புது வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு அது பூட்டிக் கிடந்தது. இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். நாயையும் கூட்டி வரலாம் என்று சொன்னதிலிருந்து போனில் வருவதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.

நாயை நிஜமாகவே வீட்டுக்குள் விடுவீர்களா, இல்லை வெளியே கட்டச் சொல்வீர்களா?

வீட்டுக்குள்தான். எங்கள் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. இங்கே நாய்க்கு இடம் வாசல், மிஞ்சிப்போனால் திண்ணை. முதல் தடவை பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் லாப்ரடாரோடு வந்தபோது அம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. "உங்க தாத்தா படுத்த ரூம்ல நாயா?" என்று கேட்டதோடு சரி.

தரை பழைய காவி சிமெண்ட் தரை. நகம் பட்டால் கீறாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். கட்டிலில் மட்டும் ஏற்றாதீர்கள். இலவம்பஞ்சு மெத்தை அது, நனைந்துவிட்டால் காய வைக்க மூன்று நாள் வெயில் வேண்டும். நாய்க்கென்று ஜமக்காளமும் இரண்டு கோணிப்பையும் தனியாக வைத்திருக்கிறோம். அது படுத்துப் பழகிய துணி ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வந்தால் முதல் ராத்திரி நிம்மதியாகத் தூங்கும்.

எத்தனை நாய் வரலாம்? தனிக் கட்டணம் உண்டா?

இரண்டு. கட்டணம் இல்லை. கதவைக் கடித்தால் தச்சருக்கு ஆகும் செலவு உங்களுடையது. பருவத்துக்கு வந்திருக்கும் பெட்டை நாயை அந்த மூன்று வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள். ஊர் நாய்கள் அத்தனையும் வேலியைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும், யாருக்கும் தூக்கம் இருக்காது.

தடுப்பூசிச் சீட்டை ஏன் வற்புறுத்திக் கேட்கிறீர்கள்?

வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் தாண்டாமல் இருக்க வேண்டும். பார்வோ, டிஸ்டம்பர், எலிக்காய்ச்சல் இவற்றுக்கான கூட்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். தோப்பில் எங்கள் நாய்கள் மணியும் கருப்பனும் சுற்றுகிறார்கள், அவர்களுக்கும் போட்டிருக்கிறோம். பக்கத்து வயல்காட்டு நாய்களுக்கு யார் போட்டார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் பரவும். அது நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும்.

நாய்க்கடி விஷயத்தில் விளையாட்டே கூடாது. யாரையாவது எந்த நாயாவது கடித்தால், லேசான பல் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம்.

நாயைக் கட்டாமல் விட இடம் இருக்கிறதா?

வீட்டைச் சுற்றி ஐம்பது சென்ட் அளவுக்குக் கம்பி வலை அடித்திருக்கிறோம், ஐந்தடி உயரம். அதற்குள் உங்கள் இஷ்டம். பெரும்பாலான நாய்களுக்கு ஐந்தடி போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம்ம ஊர் வேட்டை நாய்களுக்குப் போதாது. போன வருடம் வந்த ஒரு சிப்பிப்பாறை நின்ற இடத்திலிருந்தே தாண்டியது. தாண்டியதைக் கூடப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் ஓடுவதைத்தான் பார்த்தோம். அந்தச் சாதி நாய் வைத்திருப்பவர்கள் வேலிக்குள்ளேயும் நீளக் கயிறு போட்டே விடுங்கள். காட்டில் முயல் இருக்கிறது. நாய் அடித்துக் கொண்டுவந்து போட்டாலும் அது வேட்டைதான். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் இருக்கிறது. "நாய்தான் பிடிச்சது சார்" என்றால் எடுபடாது.

எங்கள் நாய் சாது. ஆட்டையெல்லாம் ஒன்றும் செய்யாது. தோப்பில் அவிழ்த்து விடலாமா?

கூடாது.

இதற்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதையே சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். பிளாட்டில் வளர்ந்த நாய்க்குத் தான் என்ன செய்யும் என்று தனக்கே தெரியாது. அது ஆட்டைப் பார்த்திருக்காது. ஆடு ஓடினால் இது துரத்தும், விளையாட்டாகத்தான் துரத்தும். ஆட்டுக்கு அது விளையாட்டு என்று எப்படித் தெரியும்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. நல்ல குடும்பம், நாயும் நல்ல நாய், கோல்டன் ரெட்ரீவர். வாசலில் கயிற்றை அவிழ்த்த ஐந்தாவது நிமிடம் பக்கத்துக் காட்டு அக்காவின் சினை ஆட்டைத் துரத்தியது. கடிக்கவில்லை. ஆடு மிரண்டு ஓடி வரப்பிலிருந்து விழுந்து, மறுநாள் குட்டி போட்டுவிட்டது. குட்டி தங்கவில்லை. வந்தவர்கள் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு மோர் கொண்டுவருவதை நிறுத்தி ஆறு மாதம் ஆனது. பணத்தால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. பொங்கலுக்கு அம்மா நேரில் போய்ப் பேசின பிறகுதான் சரியானது.

இங்கே ஆடு என்பது சேமிப்பு. பள்ளிக்கூடக் கட்டணமா, ஆஸ்பத்திரிச் செலவா, ஒரு ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். அதனால் வேலியைத் தாண்டினால் கயிறு கையில் இருக்க வேண்டும். ஆறடிக் கயிறு போதும். இழுத்தால் நீண்டுகொண்டே போகிற அந்தச் சுருள் கயிறு வேண்டாம், மாஞ்செடியில் சிக்கி அறுந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்குச் சில இடங்களில் திருட்டுத்தனமாகக் கம்பியில் கரண்டு விடுகிறார்கள், தீனிக்குள் நாட்டு வெடி வைக்கிறார்கள். இரண்டுமே குற்றம், ஆனாலும் நடக்கிறது. எலிக்கு மருந்து வைத்த வயலும் இருக்கும். எந்த வயலில் என்ன இருக்கிறது என்று உங்கள் நாய்க்கு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நாயைக் கூட்டிப் போகலாமா?

நாயை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள்.

போச்சம்பள்ளிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தைதான். விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்துவிடும். ஆடு, மாடு, நாட்டுக்கோழி, கட்டுச்சேவல், அந்தப் பக்கம் கருவாடு, புளி, தாம்புக்கயிறு, மூக்கணாங்கயிறு, அரிவாள், மண்வெட்டி. ஆடு வாங்குகிறவர் முதுகெலும்பை அழுத்திப் பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மாட்டுப் பக்கம் போனால் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கலாம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியாது. நான் சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டுக்குக் கீழே குனிந்து பார்க்க முயன்று, தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

சரி, அந்தக் கூட்டத்துக்குள் ஒரு நாயை நினைத்துப் பாருங்கள். ஆடுகள் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும். ஒன்று மிரண்டால் பத்தும் மிரளும். கருவாட்டு வாசனையில் நாய்க்கும் நிதானம் போய்விடும். கால்நடைகளிடமிருந்து உண்ணியும் ஏறிக்கொள்ளும்.

ஆறு மணிக்குப் போய் எட்டரைக்குள் திரும்பிவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் ஆட்டுச் சந்தை கலைந்துவிடும், அப்புறம் காய்கறிக் கூட்டம்தான். கார் வேண்டாம், என் மொபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறவர்கள், கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் சாலையில் இருக்கும் குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தையையும் பார்க்கலாம். அது வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதற்கும் நாய் வேண்டாம்.

அப்படியானால் அந்த நேரத்தில் நாயை வீட்டில் தனியாக விட்டுப் போகலாமா?

பூட்டிவிட்டுப் போகக் கூடாது என்பது விதி. புது இடத்தில் தனியாக அடைத்தால் சில நாய்கள் கதவையே தின்றுவிடும். ஒருவர் இருந்துகொண்டு மற்றவர்கள் போங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் அம்மா திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் பேசாமல் இருந்த அதே அம்மாதான். கீரை ஆய்ந்துகொண்டே உங்கள் நாயிடம் ஊர்க் கதையெல்லாம் சொல்வார்.

எந்த மாதம் வந்தால் நாய்க்கு நல்லது?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. டிசம்பரில் விடிகாலைப் பனி இருக்கும், நாய்கள் பைத்தியம் மாதிரி ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெயில் 38, 39 டிகிரிக்குப் போகும். பக், பாக்ஸர், ஷிட்சூ மாதிரி மூக்கு சப்பையான நாய்களை அந்த இரண்டு மாதமும் கூட்டி வர வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். வருமானம் போனாலும் பரவாயில்லை. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சப்பை மூக்குக்கு அது சரியாக வராது.

வெயில் காலத்தில் நடை எல்லாம் ஏழரைக்கு முன், ஆறுக்குப் பின். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துவிடும். நாய் தள்ளாடினாலோ, எச்சில் கெட்டியாக ஒழுகினாலோ, ஈறு செக்கச்செவேல் என்று ஆனாலோ உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி ஃபேன் காற்றில் படுக்க வையுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி மூட வேண்டாம், சூடு உள்ளேயே தங்கிவிடும். கொஞ்சம் தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது.

மாம்பழ சீசனில் வரலாமா? பழம் பறித்துக்கொள்ளலாமா?

வரலாம். பறிக்கத்தான் முடியாது. இந்தப் பக்கத்தில் பல தோப்புகளைப் போல எங்கள் தோப்பும் பூ விடும்போதே வியாபாரியிடம் குத்தகைக்குப் போய்விடும். மரம் எங்களுடையது, காய் அவருடையது. காவலுக்கும் ஆள் போட்டிருப்பார். எங்கள் தேவைக்கே அவரிடம்தான் கேட்டு வாங்குகிறோம், சிரிக்காதீர்கள். பெரும்பாலும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போவது அதுதான். வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு செந்தூரா மரங்களை மட்டும் குத்தகையில் சேர்க்கவில்லை. அதில் விழுவது உங்களுக்கு.

நாய்க்கும் மாம்பழம் பிடிக்கும், ஒன்றிரண்டு துண்டு கொடுக்கலாம். கொட்டைதான் ஆபத்து. அப்படியே விழுங்கி, குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி. மே, ஜூன் மாதங்களில் மரத்தடி முழுக்கக் கொட்டை கிடக்கும். தினமும் காலையில் வேலிக்குள் பெருக்கச் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பழத்தைச் சுற்றும் குளவியைக் கவ்வப் போய் மூஞ்சி வீங்கிய நாய்களும் உண்டு.

பூ விடும் சமயத்தில், ஜனவரி, பிப்ரவரியில், தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அன்றைக்கும் மறுநாளும் நாய் புல்லை மேயக் கூடாது, தோப்பில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

பாம்பு இருக்குமா?

இருக்கும். இது தோப்பு. நாகமும் கண்ணாடி விரியனும் பார்த்திருக்கிறோம். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும், அதனால் வீட்டைச் சுற்றிச் சருகும் செங்கல் குவியலும் இல்லாமல் வைத்திருக்கிறோம். இருட்டிய பிறகு நாயை வெளியே கூட்டிப் போனால் டார்ச் கட்டாயம். புதருக்குள் மூக்கை விட்டுவிட்டுக் கத்தினால், மூஞ்சியோ முன்காலோ வீங்கினால், கடிபட்டது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, மூலிகை வைப்பது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மழை நாளில் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளுவதும் உண்டு. வாயைப் பக்கவாட்டில் திருப்பித் தண்ணீரால் கழுவிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

உண்ணிக் காய்ச்சல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருவதற்கு முன் உண்ணி மருந்து போட்டுவிடுங்கள். தினமும் ராத்திரி காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரத்தில் நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், தோப்பில் தங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

யானை?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துக் கதை அது. இங்கே வழக்கமாக இல்லை.

டாக்டர் எங்கே?

போச்சம்பள்ளியில் அரசு கால்நடை மருத்துவர் இருக்கிறார். ஆனால் அவருக்குத் தினமும் மாடு, ஆடுதான். ஊசி, காயம், வயிற்றுப்போக்கு இதற்கெல்லாம் போதும். ஸ்கேன், அறுவை சிகிச்சை என்றால் கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ போக வேண்டும். 1962 என்ற எண் கால்நடை ஆம்புலன்சுக்கு, முக்கியமாக விவசாயிகளின் மாடு ஆடுகளுக்காக வைத்தது. உங்கள் நாய் தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்து வாருங்கள், இங்கே கிடைக்காது.

நாய்க்குச் சாப்பாடு?

பாக்கெட் தீனி போடுகிறவர்கள் கையோடு கொண்டுவாருங்கள். சமைத்துப் போடுகிறவர்களுக்குக் கோழி வேகவைத்த சோறு செய்து தருவோம், முதல் நாளே சொல்ல வேண்டும். வெங்காயம், பூண்டு, மசாலா இல்லாமல்தான். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் எதையும் மேசையில் விட்டு வைக்காதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடையும், அதையும் போட வேண்டாம்.

மணியும் கருப்பனும் வளர்ந்தது ராகிக் களியில். எங்கள் வீட்டில் களி கிண்டாத நாள் இல்லை. உங்களுக்குக் கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்போடு களி தருவோம். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். முதல் உருண்டை கஷ்டமாக இருக்கும். போன மாதம் வந்த ஒரு பீகிள், போட்ட விலை உயர்ந்த தீனியை முகர்ந்துகூடப் பார்க்காமல் மணியின் தட்டில் இருந்த களியைத் தின்றுவிட்டது. அதன் சொந்தக்காரர் என்னிடம் ராகி மாவு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

சுற்றுவட்டாரத்தில் நாயோடு எங்கே போகலாம்?

என்னைக் கேட்டால் பாரூர் ஏரிக் கரைதான். கே.ஆர்.பி. அணைக்கு, அதாவது கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்து நிரம்பும் பெரிய ஏரி. காலை ஆறு மணிக்குக் கரையில் நடந்தால் உங்களையும் கொக்கு, நாரையையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். நாயைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். மீன்வலை கிடக்கும், மாட்டிக்கொண்டால் நீங்களும் இறங்க வேண்டி வரும்.

கே.ஆர்.பி. அணை 1957இல் திறந்தது, குழந்தைகளோடு பார்க்க நல்ல இடம். ஆனால் அங்கே மீன் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கும், தரையெல்லாம் முள். நாய் ஒவ்வொன்றாகப் பொறுக்கும். ஒகேனக்கல்லுக்கு நாயோடு போகவே போகாதீர்கள். கூட்டம், குரங்கு, பரிசல், வழுக்குப் பாறை, எதுவுமே நாய்க்கு ஒத்துவராது. காரில் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் அது இன்னும் மோசம். வெளியே 30 டிகிரி இருந்தாலே கண்ணாடி ஏற்றிய காருக்குள் அரை மணி நேரத்தில் 45ஐத் தாண்டும்.

எப்படி வருவது?

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக மூன்று மணி நேரம். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் வழியாக வந்தால் சாலை நன்றாக இருக்கும். சென்னையிலிருந்து வாணியம்பாடி, பர்கூர் வழி. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு லாரி ஓட்டம் அதிகம், இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நாய்க்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வாந்தி எடுக்காது. கடைசி அரை கிலோமீட்டர் மண் பாதை, கூகுள் மேப் பக்கத்துக் காட்டுக்குள் கொண்டு போய் விட்டுவிடும். ஆலமரத்தடி வந்ததும் போன் செய்யுங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன்.

ராத்திரி அமைதியாக இருக்குமா?

பெரும்பாலும். பொங்கலில் ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் சுற்று ஊர்களில் எருது விடும் விழா நடக்கும். அம்மன் திருவிழா என்றால் பம்பை அடிப்பார்கள், தெருக்கூத்து விடிய விடிய ஓடும். எனக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. பட்டாசுக்குக் கட்டிலடியில் ஒளிந்துகொள்ளும் நாய் என்றால், தேதியைக் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

நாய் இல்லாதவர்கள் வரலாமா?

தாராளமாக. வாடகை அதேதான். ராத்திரி கருப்பன் உங்கள் வாசல்படியில் வந்து படுத்துக்கொள்வான், துரத்தினாலும் போக மாட்டான். காலையில் அம்மா காபி கொண்டுவரும்போது "நாய் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்பார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.